கேள்வி-பதில்: ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே

இம்முறை கேள்விகள் எல்லாம் நிறை குறைந்து பிறக்கும் பிள்ளைகளைப் பற்றி. பதில் சொல்பவர் டொக்டர் அல்லர். டொக்டர்மாரைத் துரத்தித் துரத்திக் கேட்டவர்.

கே: 1,500 கிராமுக்குக் குறைந்தால் ‘மிகக் குறைந்த நிறை’ என்கிறார்கள். 1,510 என்றால் தப்பியதா?
(ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கோண்டாவில்)

ப: மாஸ்ரர், ஒரு புள்ளியில் பெயில் விட்ட பழக்கம் இன்னும் போகவில்லைப் போலிருக்கிறது. 2,500க்குக் கீழே குறைந்த நிறை, 1,500க்குக் கீழே மிகக் குறைந்த நிறை, 1,000க்குக் கீழே அதிலும் மோசம். இந்தக் கோடுகள் கணக்கெடுப்பவர்களின் வசதிக்கு. பிள்ளைக்குத் தன் நிறை தெரியாது. வயிற்றுக்குள் எத்தனை கிழமை இருந்தது என்பதுதான் பெரிய கணக்கு. 28 கிழமையில் 1,100 கிராமுடன் வந்தது அவசரப்பட்ட பிள்ளை. 35 கிழமையில் 1,450 கிராமுடன் வந்தது உள்ளே சாப்பாடு போதாமல் போன பிள்ளை. முன்னதற்கு நுரையீரல் முற்றவில்லை. பின்னதற்கு நுரையீரல் பெரும்பாலும் தேறிவிடும், சீனியும் சூடும்தான் சட்டென்று இறங்கும். 2016ஆம் ஆண்டு ஆய்வின்படி இலங்கையில் பிறந்த பிள்ளைகளில் 100க்கு 16 அளவில் இரண்டரைக் கிலோவுக்குக் கீழே. ஒன்றரைக்குக் கீழே வருவது அதில் சிறு பங்குதான். இறப்புக் கணக்கில் அவர்களின் பங்கு சிறிதல்ல.

கே: ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்று ஆச்சி சொல்கிறா. உண்மையா?
(எட்டாம் மாதக் கர்ப்பிணி, அளவெட்டி)

ப: ஆச்சி தனியாக இல்லை. பழைய கிரேக்க வைத்தியத்தில் ‘எட்டு மாதப் பிள்ளை’ என்ற பெயரிலேயே ஒரு நூல் இருக்கிறது, இதே பயம். உண்மை நேர்மாறு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு கிழமையும் பிள்ளைக்கு இலாபம். எட்டாம் மாதம் ஏழாம் மாதத்தைவிட எப்போதும் மேல். பிறகு ஏழுமாதப் பிள்ளைகளுக்கு இந்த நல்ல பெயர் எப்படி வந்தது? கலியாணம் முடிந்து ஏழாம் மாதத்தில் மூன்றரைக் கிலோவில் கொழுகொழுவென்று பிறந்த சில பிள்ளைகள் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கலாம். ஆச்சியிடம் இதைக் கேட்டுவிடாதீர்கள்.

கே: என் தங்கைக்கு 29 கிழமையில் வலி. உடனே கொழும்புக்குக் கொண்டுபோங்கோ, காசு அனுப்புகிறேன் என்று லண்டன் மச்சான் நிற்கிறார். என்ன செய்ய?
(கவலைப்படும் அண்ணன், சுன்னாகம்)

ப: மச்சானின் மனம் நல்லது, திசை பிழை. வலியோடு இருக்கிற பெண்ணை ஏ9 வீதி வழியே 400 கிலோமீற்றர் கொண்டுபோனால் பிள்ளை வவுனியாவிலோ தம்புள்ளையிலோ வானுக்குள் பிறக்கும். நேரே யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு. அங்கே பிள்ளைப்பேற்று நிபுணரும் உண்டு, குறைமாதப் பிள்ளைகளுக்கான பி.பி.யூ.வும் உண்டு.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம்தான். சின்னப் பிள்ளையின் உயிரைப் பற்றிக் கதைக்கும்போது எல்லாரும் பிள்ளை அறையின் மெசினைப் பார்க்கிறோம். பாதி விஷயம் அதற்கு முதலே முடிந்துவிடுகிறது: தாய் எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை மணித்தியாலம் முன்னரே வந்து படுத்திருந்தாள் என்பதில். பெரும்பாலும் மேல்நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2010இல் ஒரு கணக்கு வெளியானது. ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளில், தீவிர சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரியிலேயே பிறந்தவற்றில் 100க்கு 23 இறந்தன. வேறிடத்தில் பிறந்தவற்றில் 38. பிள்ளை பிறந்தபின் ஏற்றி இறக்குவதைவிட, பிள்ளையை வயிற்றில் வைத்தபடி தாயை ஏற்றுவது எப்போதும் நல்லது. சூடு, சாப்பாடு, ஒட்சிசன் எல்லாம் பூட்டிய வாகனம் அது, பெற்றோலும் வேண்டாம்.

மச்சானின் காசைத் திருப்பி அனுப்ப வேண்டாம். பிறகு தேவைப்படும்.

கே: தங்கைக்கு ஸ்ரெரொயிட் ஊசி போட்டார்களாம். அது உடம்பு முறுக்குகிற பெடியள் போடுவதல்லவா?
(அதே அண்ணன்)

ப: நீங்களா! நல்ல காலம், பெரியாஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கிறீர்கள். அது வேறு இனம். டெக்சாமெதசோன் அல்லது பீற்றாமெதசோன் என்று பெயர். தாயின் தசையில் போட, அது தொப்புள்கொடி வழியே போய்ப் பிள்ளையின் நுரையீரலை முற்றச் செய்கிறது.

கதை நியூசிலாந்தில் தொடங்குகிறது. லிகின்ஸ் என்ற பிள்ளைப்பேற்று நிபுணர், பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று ஆடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். செத்திருக்கவேண்டிய ஒரு குறைமாதக் குட்டி ஸ்ரெரொயிட் பெற்றதால் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது. ஹோவி என்ற குழந்தை வைத்தியருடன் சேர்ந்து 282 தாய்மாரில் சோதித்து 1972இல் வெளியிட்டார். இரண்டு நாள் ஊசி; விலை சொற்பம். ஆனால் உலக வைத்தியர்கள் இதை வழக்கமாக்க இருபது வருடம் எடுத்தார்கள். அதற்குள் ஆய்வுக்கு மேல் ஆய்வு வந்து எல்லாம் ஒரே பதிலைச் சொன்னன. மருத்துவ ஆதாரங்களைத் திரட்டும் கொக்ரேன் நிறுவனம் 1993இல் தொடங்கியபோது இந்த ஊசியின் ஆய்வு வரைபடத்தையே தன் சின்னமாக வைத்துக்கொண்டது. வைத்திய உலகம் தன் சோம்பலைத் தானே சட்டைப்பையில் குத்திக்கொண்டு திரிகிற ஒரே இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு வேண்டியது இது: ஊசி முழுப்பலன் தர ஒரு நாள் வேண்டும். “விடியட்டும், காலமை போவம்” என்று வீட்டில் கழிக்கிற இரவு, அந்த ஒரு நாளில் இருந்துதான் கழிகிறது. 32 கிழமைக்கு முன்னான பிரசவம் என்றால் மக்னீசியம் சல்பேற்றும் ஏற்றுவார்கள்; பிள்ளையின் மூளைக்குப் பாதுகாப்பு. தங்கை உடம்பெல்லாம் எரிகிறது என்பா. அது எதிர்பார்த்ததுதான், ஆனாலும் நேர்ஸிடம் சொல்லச் சொல்லுங்கள்.

கே: நாங்கள் சைவம். பேரப்பிள்ளையின் நுரையீரலுக்குள் மாட்டு மருந்து விடப்போகிறார்களாம். விடலாமா?
(மாமி, நல்லூர்)

ப: விடலாம் மாமி. மருந்தின் பெயர் சேர்பக்டன்ட். சிலது மாட்டின் நுரையீரலில் இருந்து, சிலது பன்றியின் நுரையீரலில் இருந்து எடுப்பது. நுரையீரலின் நுண்ணிய அறைகள் மூச்சு வெளியே போகும்போது ஒட்டிப்போகாமல் காப்பது இந்த வழுவழுப்புத்தான். 28 கிழமைப் பிள்ளையிடம் அது போதியளவு இருக்காது. முருகன் மன்னிப்பார்; நீங்கள் மன்னிப்பீர்களோ என்றுதான் மருமகள் பயப்படுகிறா. முந்திய பதிலில் உள்ள ஊசி நேரத்துக்குப் போட்டிருந்தால் பிள்ளை தன் வழுவழுப்பைத் தானே செய்யத் தொடங்கும். அதுதான் இருக்கிற வழிகளில் சுத்த சைவமானது.

கே: காசிருந்தால் எதையும் காப்பாற்றலாம்தானே?
(வர்த்தகர், யாழ் நகர்)

ப: 1963 ஆவணியில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். ஐந்தரைக் கிழமை முந்தி, 2,100 கிராம். 39 மணித்தியாலத்தில் இறந்தான், மூச்சு முட்டி. அந்த நோய் சேர்பக்டன்ட் குறைவால் வருகிறது என்று மேரி எலன் ஏவரி என்ற டொக்டர் 1959இலேயே காட்டியிருந்தார். மருந்து இருக்கவில்லை. ஜப்பானில் புஜிவாரா என்ற டொக்டர் அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டது 1980இல். இன்று அதே நிறையில் அதே நோயோடு பெரியாஸ்பத்திரியில் பிறக்கும் தோட்டக்காரன் பிள்ளை தேறி வீட்டுக்குப் போய்விடும்.

கே: பிறந்தவுடன் பிள்ளையைத் துடைக்காமல் பொலித்தீன் பையில் போட்டார்கள். எனக்கு நெஞ்சு பதறியது.
(அம்மம்மா, சாவகச்சேரி)

ப: சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். 32 கிழமைக்கு முந்திய பிள்ளைக்குத் தோல் கடதாசி மாதிரி. தோலடிக் கொழுப்பு இல்லை. ஈரம் காயும்போது உடம்புச் சூட்டையும் கொண்டுபோய்விடும். அதனால் ஈரத்தோடேயே கழுத்துவரை சுத்தமான பொலித்தீனுக்குள் விட்டு, தலைக்குத் தொப்பி போட்டு, மேலே சூடாக்கியைப் பிடிப்பார்கள். உடல் சூடு 36.5க்கும் 37.5க்கும் நடுவில் நிற்கவேண்டும். விழுந்தால் சீனி இறங்கும், மூச்சு இழுக்கும், தொற்றும் சுலபமாகப் பிடிக்கும். பிள்ளை வருமுன் ஏ.சி.யை நிற்பாட்டச் சொல்கிற நேர்ஸ் எரிச்சல்காரி அல்ல. நீங்கள் சந்தைப் பையை நினைத்துப் பதறியிருப்பீர்கள். அது வேறு, இது வேறு.

கே: பிள்ளைக்குக் கோப்பி மருந்து கொடுக்கினமாம். பகிடியா?
(பெரியப்பா, உரும்பிராய்)

ப: இல்லை. கஃபீன். கோப்பியில் உங்களை எழுப்புகிற அதே சாமான், அளந்து கொடுப்பது. மிகக் குறைமாதப் பிள்ளையின் மூளை மூச்சு விட மறந்துபோகும்; இருபது விநாடி சும்மா கிடக்கும், மொனிற்றர் கத்தும், நேர்ஸ் உள்ளங்காலைத் தட்டுவா. கஃபீன் அந்த மறதியைக் குறைக்கிறது. பக்கத்தில் ஒரு போத்தல் தண்ணீருக்குள் குழாய் விட்டு, குமிழி குமிழியாக வந்துகொண்டிருப்பதையும் பார்த்திருப்பீர்கள். மூக்கு வழியே போகும் காற்று நுரையீரலைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்ள, குழாய் தண்ணீருக்குள் ஐந்து சென்ரிமீற்றர் அளவு தாழ்ந்திருக்கிறது. குமிழி நின்றால் எங்கோ காற்றுக் கசிகிறது என்று அர்த்தம். அந்த அறையில் சத்தம் இல்லாமல் போவதுதான் கெட்ட செய்தி.

கே: இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு மில்லி பால்தான் விடுகிறார்கள். பிள்ளையைப் பட்டினி போட்டுக் கொல்கிறார்களே!
(பேர் போட வேண்டாம், வல்வெட்டித்துறை)

ப: பேர் போடவில்லை. மிச்சச் சாப்பாடு இரத்தக்குழாய் வழியே போகிறது. அந்த ஒரு மில்லி பசிக்கு அல்ல, குடலைப் பழக்க. அவசரப்பட்டு நிறையக் கொடுத்தால் முற்றாத குடல் அழுகிப்போகும் நோய் ஒன்று உண்டு. பால்மா கொடுத்தால் அந்த ஆபத்து இன்னும் கூடும். தாய்ப்பால்தான் அதற்குக் கவசம். முதல் இரண்டு மூன்று நாள் மஞ்சளாகச் சொட்டும் சீம்பால் அரைத் தேக்கரண்டி வந்தாலும் சிரிஞ்சில் இழுத்து வாய்வழிக் குழாயில் விடுவார்கள். பிள்ளை உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விடப் பழக கர்ப்பக் கணக்கில் 34 கிழமை ஆகவேண்டும்; அதுவரை குழாய், பிறகு சின்னக் கோப்பை, பிறகு மார்பு. உங்கள் வேலை தாய்க்கு. நாளைக்கு எட்டுத் தடவையாவது பால் எடுக்கவேண்டும், இரவிலும். காயம் அரைத்துக் கொடுங்கள், சரக்குக்கறி கொடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. பேறு பார்த்த உடம்புக்குத் தண்ணீர் ஆகாது என்று மட்டும் சொல்லாதீர்கள். பால் எதிலிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்?

கே: பிள்ளையைக் கங்காரு மாதிரி நெஞ்சில் கட்டச் சொல்கிறார்கள். தகப்பனும் செய்யலாமாம். ஆம்பிளை எப்படிச் சட்டையைக் கழற்றிக்கொண்டு அங்கே இருக்கிறது?
(வெட்கப்படும் தகப்பன், திருநெல்வேலி)

ப: நல்லூர்க் கோயிலுக்குள் போகும்போது எப்படிக் கழற்றுகிறீர்களோ அப்படித்தான்.

1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோற்றாவில், இன்கியூபேற்றர் போதாத ஒரு அரச மகப்பேற்று ஆஸ்பத்திரியில், ரேய், மார்ட்டினெஸ் என்ற இரு டொக்டர்மார் தொடங்கியது இது. ஏழைகளின் மாற்றுவழி என்று பணக்கார நாடுகள் கொஞ்சக்காலம் ஓரக்கண்ணால் பார்த்தன. பிறகு இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. 1,000 முதல் 1,799 கிராம் வரை உள்ள பிள்ளைகளை, நிலை சீராகட்டும் என்று காத்திராமல், பிறந்த உடனேயே நெஞ்சில் கட்டினார்கள். வழக்கமான கவனிப்பில் முதல் 28 நாளில் 100க்கு 15.7 இறக்க, இதில் 12. இலாபம் இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை நேரத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். 2021இல் வெளியானது. கவனிக்கவேண்டியது, இதற்காகத் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே அறையில் கட்டில் போட்டார்கள். எங்கள் வழக்கத்தில் பிள்ளை பி.பி.யூ.விலும் தாய் வேறு மாடியில் வார்ட்டிலும் கிடப்பார்கள். வயிறு கீறின தாய் படி ஏறி இறங்குவா. மெசின் வாங்க நன்கொடை சேர்க்கும் வெளிநாட்டுச் சங்கங்கள் ஒருமுறை கட்டிலைப் பற்றியும் யோசிக்கட்டும். கட்டிலில் பெயர்ப்பலகை அடிக்க இடம் குறைவு, அதுதான் சிக்கல்.

கே: சாத்திரியார் நல்ல நாள் குறித்துத் தந்திருக்கிறார். அன்றைக்கு 36 கிழமைதான் ஆகும். சிசேரியன் செய்யலாமா?
(தாத்தா, கொக்குவில்)

ப: நட்சத்திரம் முற்றியிருக்கும், நுரையீரல் முற்றியிராது. சாத்திரியாரிடம் 39 கிழமைக்குப் பிறகு ஒரு நாள் கேளுங்கள். இருபத்தேழு நட்சத்திரமும் திரும்பத் திரும்ப வரும். அவருக்கும் இன்னொரு தட்சணை.

கே: இன்கியூபேற்றரைக் கண்டுபிடித்தது யார்?
(ஓ.எல். மாணவி, வட்டுக்கோட்டை)

ப: கோழிக்குஞ்சு. பாரிஸில் தார்னியே என்ற பிள்ளைப்பேற்று வைத்தியர், மிருகக்காட்சிச்சாலையில் குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துவிட்டு, இதேபோல் பிள்ளைகளுக்கும் ஒன்று செய் என்றார்; 1880ஐ ஒட்டி. பிறகு மார்ட்டின் கூனி என்பவர் நியூயோர்க்கின் கோனி ஐலண்ட் களியாட்டத் திடலில் 1903 முதல் 1943 வரை, உயிருள்ள குறைமாதப் பிள்ளைகளைப் பெட்டிகளில் வைத்துக் காட்டி ரிக்கெற் விற்றார். அவர் டொக்டருக்குப் படித்தாரா என்பதே சந்தேகம். ஆனால் ரிக்கெற் காசில் நேர்ஸ் வைத்து, பெற்றாரிடம் ஒரு சதம் வாங்காமல், ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் காப்பாற்றினார். ஆஸ்பத்திரிகள் கைவிட்ட பிள்ளைகள் அவை. படிப்பை விட்டுவிட்டுக் கார்னிவல் நடத்தலாம் என்று அர்த்தம் எடுக்காதே.

கே: எங்கள் பக்கத்தில் மேல்நாட்டுப் பிள்ளைப்பேற்று வைத்தியம் எப்போது, எங்கே வந்தது?
(வரலாற்று ஆர்வலர், மானிப்பாய்)

ப: உங்கள் வீட்டு வாசலிலேயே. அமெரிக்க மிசனின் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் தமிழ் மாணவர்களுக்கு வைத்தியம் படிப்பித்தார். மோன்செல் எழுதிய நூலை ‘பிரசவ வைத்தியம்’ என்று 1857இல் தமிழில் கொண்டுவந்தார். யாழ் நகரில் அரச அதிபர் டைக் காலத்தில் 1850இல் தொடங்கியதுதான் இன்றைய பெரியாஸ்பத்திரி. ஆண் டொக்டரிடம் போகமாட்டோம் என்ற பெண்களுக்காக இணுவிலில் மக்லியொட் ஆஸ்பத்திரி வந்தது. வலிகாமத்தில் எழுபது வயது தாண்டியவரிடம் எங்கே பிறந்தீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். “இணுவில் ஆஸ்பத்திரி” என்ற பதில் வர நல்ல வாய்ப்பு உண்டு.

நாடு முழுதும் திருப்பம் தந்தது மிட்வைஃப்தான். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை அவவைச் சைக்கிளில் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. 1930களில் 100 பிரசவத்துக்கு இரண்டு தாய் அளவில் இறந்த நாடு இது. இன்று 10,000க்கு மூன்று அளவில்.

கே: சண்டைக் காலத்தில் இந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்?
(கொடிகாமம்)

ப: 1987 ஐப்பசி 21, தீபாவளி அன்று இந்திய அமைதிப்படை பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டது. அடுத்த நாள் காலை, நாங்கள் டொக்டர், நேர்ஸ் என்று சொல்லிக்கொண்டு கையை உயர்த்தியபடி நேர்ஸ்மாருடன் நடந்து வந்த குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரத்தைச் சுட்டுக் கொன்றார்கள். 1990க்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, மருந்துக்குத் தடை. இதற்கு மேல் நான் பகிடி விடவில்லை.

கே: இரவில் வலி வந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அடிக்கச் சொல்கிறார்கள். கடலில் அம்புலன்ஸ் ஓடுமா?
(நெடுந்தீவு)

ப: ஓடாது. 2018 ஆடியில் வடக்குக்கு வந்த அந்தச் சேவை குறிகட்டுவான் இறங்குதுறையோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் படகு, காற்று, கடற்படையின் தயவு. அதனால் தீவுக்காரருக்கு வேறு விதி: இரட்டைப் பிள்ளை, முந்திய குறைப்பிரசவம், பிறஷர், இரத்தப்போக்கு, இதில் ஒன்று இருந்தாலும் 24 கிழமை கடந்ததும் உங்கள் மிட்வைஃபிடம் எப்போது கரைக்கு வரவேண்டும் என்று திகதி கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு சித்தி வீடாவது இருக்கும். சித்திக்கு இரண்டு மாதம் கஷ்டம்; பரவாயில்லை.

கே: ஆறாம் மாதம். தலையிடி, கண் மங்கல். ‘பித்தம்’ என்று இஞ்சித்தண்ணி தருகிறார்கள்.
(காரைநகர்)

ப: இந்தப் பத்திரிகையை வைத்துவிட்டு இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிறஷராக இருக்கலாம். மேல்வயிற்று வலியும் முகவீக்கமும் சேர்ந்தால் இன்னும் அவசரம். ஒன்றரைக் கிலோப் பிள்ளைகளில் பல, தாயின் பிறஷரால்தான் நேரத்துக்கு முன் எடுக்கப்படுகின்றன. அந்த நோய்க்குப் பிரசவம்தான் கடைசி மருந்து. கிளினிக் கொப்பியைக் கொண்டுபோங்கள். இஞ்சித்தண்ணியை அவர்களே குடிக்கட்டும்.

கே: பிள்ளை 1,200 கிராமில் பிறந்து இப்போது வீட்டில் நல்ல சுகம். கண் கிளினிக்குக்குத் திரும்ப வரச் சொல்கிறார்கள். தேவையா?
(தாய், மீசாலை)

ப: கட்டாயம். குறைமாதப் பிள்ளையின் விழித்திரையில் இரத்தக்குழாய்கள் கோணல்மாணலாக வளரலாம். ஒட்சிசன் கூடினால் ஆபத்தும் கூடும். பாடகர் ஸ்ரீவி வொண்டர் 1950இல் ஆறு கிழமை முந்திப் பிறந்து பார்வை இழந்தது இப்படித்தான். அந்தக் காலத்தில் ஒட்சிசனைத் தாராளமாக விட்டார்கள், கண் போனது. பிறகு பயந்து இறுக்கிப் பிடித்தார்கள், உயிர் போனது. இப்போது அளவு பார்த்து விடுகிறார்கள், பிறந்து நாலு கிழமையளவில் கண்ணையும் பார்க்கிறார்கள். வெளியே இருந்து பார்த்தால் பிள்ளையின் கண் வடிவாகத்தான் இருக்கும். நோய் பின்னால். லேசர் பிடிக்க வேண்டிய காலம் சில நாட்கள்தான். மாமா மகளின் சாமத்தியவீட்டுக்காக அதைத் தவறவிடாதீர்கள்.

கே: எட்டு மாதமாகிறது, பிள்ளை இன்னும் இருக்கவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை தவழ்கிறது.
(தாய், புலோலி)

ப: எத்தனை மாதம் முந்திப் பிறந்தது? இரண்டரை என்றால் உங்கள் பிள்ளைக்கு ஐந்தரை மாதம். சாத்திரியாருக்குப் பிறந்த நேரம், டொக்டருக்குப் பிறக்கவேண்டிய திகதி. இரண்டு வயதுவரை வளர்ச்சியை இந்தக் கணக்கில் பாருங்கள். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த திகதிதான். மந்திகை ஆஸ்பத்திரிக் கிளினிக்கையும் விடாதீர்கள். அடுத்த வீட்டு ஜன்னலை விடலாம்.

கே: உயிர் பிழைத்ததிலேயே ஆகச் சின்னப் பிள்ளை?
(பொது அறிவுப் போட்டிக்காரர், நீர்வேலி)

ப: 2020இல் சிங்கப்பூரில் 212 கிராமில் பிறந்த ஒரு பெண்பிள்ளை பதின்மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்து ஆறு கிலோ தாண்டி வீட்டுக்குப் போனாள். இத்தகைய செய்திகளைத் தாய்மாருக்கு அனுப்பாதீர்கள். 800 கிராம் பிள்ளையை இழந்த ஒருத்தி அதைத் தன் குற்றமாக வாசிப்பா.

கே: பி.பி.யூ.வில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிறோம். என்ன கொண்டுபோகலாம்?
(நாலு பேர், ஒரு ஓட்டோ, சங்கானை)

ப: தாய்க்குச் சோறு, இரண்டு கறியோடு; தகப்பனுக்கு ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி. பிள்ளைக்கு ஒன்றும் வேண்டாம். உள்ளே விடமாட்டார்கள், விட்டாலும் காப்பு, மோதிரம், மணிக்கூடு எல்லாம் கழற்றி முழங்கைவரை கழுவவேண்டும், அதைக் கேட்டதும் உங்களில் இரண்டு பேர் வெளியே நிற்பீர்கள். தடிமன் உள்ளவர் ஓட்டோவிலேயே இருக்கட்டும். “என்ன, இவ்வளவு சின்னன்!” என்ற வசனமும்.